புது ஒலிபெருக்கி பழகுமா, காது பழகுமா?

புதிதாக வாங்கிய மாட்டை வண்டியிற் பூட்டிப் பழக்குவது நம் நாட்டார் நன்கறிந்த தொழில். புதுச் செருப்பு முதற் கிழமை காலைக் கடித்து, அடுத்த கிழமை காலோடு ஒத்துப்போவதையும் யாவரும் அறிவர். முன்னாளிற் புது மோட்டார் வண்டி வாங்கியோர் முதல் 500 மைல் வரை அதனை விரைந்து ஓட்டாது, எந்திரம் படியும்வரை பொறுமை காத்தனர். இவ்வரிசையில் இப்போது வந்து சேர்ந்திருப்பது ஒலிபெருக்கிப் பெட்டி. இலட்சக்கணக்கிற் பணம் கொடுத்து வாங்கும் உயர்தர ஒலிபெருக்கிகள் முதல் நாளிலே தம் உண்மைக் குரலைக் காட்டமாட்டா என்றும், 100 அல்லது 200 மணித்தியாலம் பாடவிட்டுப் பழக்கிய பின்னரே அவற்றின் இனிமை வெளிப்படும் என்றும் விற்போரும் வாங்கியோரும் ஒருவாய்ப்படக் கூறுகின்றனர்.

இதில் எத்துணை உண்மை உண்டு என்று வினவி வாசகர் ஒருவர் எமக்குக் கடிதம் வரைந்துள்ளார். அவர் இளைப்பாறிய ஆசிரியர். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்திற் கடையொன்றில் ஒரு சோடி ஒலிபெருக்கி வாங்கியிருக்கின்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து பாட்டுக் கேட்டால், கடையிற் கேட்ட இனிமை இல்லை. பாடகரின் சகர ஓசையெல்லாம் ஊசிபோற் குத்துகின்றது. மிருதங்கத்தின் தொப்பி ஊதிப் பெருத்து மற்ற ஓசைகளை மூடிவிடுகின்றது. கடைக்காரரிடம் முறையிட்டார். "ஐயா, 200 மணித்தியாலம் ஓடவிடுங்கோ, பிறகு பாருங்கோ" என்று விடை வந்தது. ஐயாவும் அவ்வாறே காலை தொடங்கி இரவுவரை பெட்டியைப் பாடவிட்டிருக்கின்றார். உள்ளறையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளோ, "அப்பா, ஸ்பீக்கர் பழகுதோ இல்லையோ, எனக்குப் படிச்சதெல்லாம் மறந்துபோகுது" என்கின்றாளாம்.

தந்தையின் பணமும் மகளின் பரீட்சையும் சம்பந்தப்பட்ட விடயமாதலின், சற்று விரிவாகவே நோக்குவோம்.

ஆயிரம் ரூபாய்ப் பெட்டியாயினும் பத்து இலட்ச ரூபாய்ப் பெட்டியாயினும், இன்று நம் வீடுகளிற் பாடும் ஒலிபெருக்கிகளுட் பெரும்பாலானவை ஒரே குலத்திற் பிறந்தவை. காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருள் பற்றி ஜெர்மனியரான ஏர்ண்ஸ்ற் சீமென்ஸ் 1870களிலேயே எண்ணியிருந்தார். ஆயின் அச்சுருளை அசைக்கப் போதிய மின்வலு அக்காலத்தில் இல்லை. வானொலி வால்வுகள் வந்த பின்னர், அமெரிக்க ஜெனரல் எலெக்ற்றிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் 1925 ஆம் ஆண்டில் இன்றைய அமைப்பை விளக்கி வெளியிட்டனர். கொழும்பு வானொலி தன் ஒலிபரப்பை ஆரம்பித்ததும் அதே 1925 இன் டிசெம்பர் மாதத்திலேதான். அதற்கு முன்னர் காதிற் கவிழ்க்கும் கேள்கருவியும் கிராமபோன் புனலுமே கதியாக இருந்தன.

அமைப்பு எளிது. கடதாசியாலோ வேறு பொருளாலோ செய்த கூம்பு ஒன்று. அதன் அடியில் மெல்லிய கம்பிச்சுருள். அச்சுருள் ஒரு காந்தத்தின் ஒடுங்கிய இடுக்கில் தொட்டும் தொடாமலும் நிற்கின்றது. பாட்டின் மின்னோட்டம் சுருளிற் பாயும்போது, சுருள் முன்னும் பின்னும் அசைந்து கூம்பையும் உடன் அசைக்கின்றது. கூம்பு காற்றை அசைக்கின்றது. இக்கூம்பு அந்தரத்தில் நிற்க இயலாதன்றோ? ஆகவே இரண்டிடத்திற் கட்டியிருக்கின்றனர். வெளி விளிம்பில் இறப்பராலோ நுரையாலோ ஆன வளையம். உள்ளே சுருளின் அருகில், அலையலையாக மடித்த துணி வளையம். பின்னதை ஆங்கிலேயர் 'சிலந்தி' என்று அழைப்பர். ஆதியில் அது கால்பரப்பிய வடிவிற் செய்யப்பட்டமையே காரணம்.

பழக்கம் என்ற கதை முழுவதும் இந்தச் சிலந்தியிடமே தொடங்குகின்றது. அத்துணியைப் பிசினில் தோய்த்துச் சூடான அச்சில் அழுத்தி எடுக்கின்றனர். கஞ்சி போட்டு மினுக்கிய வேட்டியை நினைத்துக்கொள்க. முதலில் உடுத்தும்போது விறைத்து நிற்கும். நாலு தரம் இருந்து எழும்பினால் மடிப்புகளிற் கஞ்சி உடைந்து துணி இளகிவிடும். சிலந்தியும் அவ்வாறே. முதன்முதற் கூம்பு நன்றாக அசையும்போது, பிசினில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றி, துணி இளகுகின்றது. இது கற்பனையன்று, கருவி கொண்டு அளக்கத்தக்க மாற்றம். ஆகவே கடைக்காரர் கூற்றில் உண்மையே இல்லை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று.

ஆயின் அம்மாற்றம் எவ்வளவு? எவ்வளவு நேரத்தில்? எந்த ஓசையில்? இவற்றைக் கேட்டால் 200 மணித்தியாலக் கதை தள்ளாடத் தொடங்கும்.

நேரத்தை முதலிற் சொல்வோம். விறைப்புக் குறைவதிற் பெரும்பகுதி முதற் சில நிமிடங்களிலும், மிஞ்சினால் முதற் சில மணித்தியாலங்களிலும் நிகழ்ந்துவிடுகின்றது. வேட்டியின் கஞ்சி உடைய ஒரு கல்யாண வீடு போதும். ஒரு வருடம் வேண்டியதில்லை.

அளவைப் பற்றி மாணவ நேயர்களுக்கு ஒரு கணக்கு. தனியே மேசையில் வைத்த ஒலிபெருக்கி ஒன்றின் பரிவு மீடிறன், அதாவது அது இயல்பாகவே ஆடவிரும்பும் வேகம், செக்கனுக்கு 50 தடவை என்க. இளகிய பின் அது 45 ஆகக் குறைகின்றது. நூற்றுக்குப் பத்துக் குறைவு, பெரிதே. ஆனால் நாம் ஒலிபெருக்கியைத் தனியே மேசையில் வைத்துக் கேட்பதில்லை. பெட்டிக்குள் அடைத்தே கேட்கின்றோம். 1954 ஆம் ஆண்டில் எட்கார் வில்ச்சர் என்னும் அமெரிக்கர் காற்றுப் புகாது மூடிய சிறு பெட்டியை அமைத்தபோது, உள்ளே அடைபட்ட காற்றையே முதன்மையான வில்லாக வைத்தார். அத்தகைய பெட்டியிற் காற்றுவில் துணிவில்லைவிட மூன்று மடங்கு விறைப்பானது என்று கொள்வோம். பழகுமுன் இரண்டும் சேர்ந்து பரிவு மீடிறனை 50 இலிருந்து 100 ஆக உயர்த்தும். துணி இளகிய பின்? 50 இன் வர்க்கம் 2500. அதன் மூன்று மடங்கு 7500 காற்றின் பங்கு, அது மாறுவதில்லை. 45 இன் வர்க்கம் 2025. கூட்டினால் 9525, வர்க்கமூலம் ஏறக்குறைய 97½. நூறு தொண்ணூற்றேழரையாயிற்று, அவ்வளவே. சங்கீதம் பயில்வோர்க்குச் சொன்னால், ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தூரத்திற் பாதிகூட இல்லை. அதுவும் பாட்டின் சுருதி மாறுவதன்று. பெட்டியின் அடித்தொனி எவ்விடத்திற் குறையத் தொடங்குகின்றது என்பது மட்டுமே சிறிது நகர்கின்றது. துளை வைத்த பெட்டிகளிற் கணக்கு வேறு. எனினும் துணி இளகும்போது பரிவு மீடிறனும் மற்றை அளவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் வகையிலேயே மாறுகின்றன. 1961 இல் அவுஸ்திரேலியரான நெவில் தீல் வகுத்து, 1970களில் றிச்சட் ஸ்மோல் விரித்த சமன்பாடுகளைப் பயில்வோர்க்கு இது விளங்கும்.

இனி ஊசிபோற் குத்தும் சகர ஓசைக்கு வருவோம். அது சிறிய உச்சத்தொனி ஒலிபெருக்கியிலிருந்து எழுவது. பட்டாலோ அலுமினியத்தாலோ செய்த, ஓர் அங்குல அளவான சிறு குவிமாடம் அது. அது பாடும் உச்ச ஓசைகள் அதன் பரிவு மீடிறனுக்கு மிக மேலே இருப்பவை. அவ்விடத்திற் கூம்பின் அசைவைத் தீர்மானிப்பது அதன் பாரமேயன்றித் தாங்கியின் விறைப்பன்று. ஊஞ்சலை மிக விரைவாக ஆட்ட முயல்பவனுக்குக் கயிற்றின் நீளம் பொருட்டன்று, பலகையின் பாரமே பொருட்டு என்பது போல. பாடப் பாட அக்குவிமாடத்தின் பாரம் குறைந்துபோவதில்லை. ஆகவே, தாங்கி இளகியதால் முதல் நாளிற் குத்திய சகரம் இருநூறாவது மணித்தியாலத்தில் இனிக்கும் என்பதற்கு இயந்திரவியலிற் காரணம் இல்லை.

அப்படியாயின் இனித்தது என்று ஆயிரம் பேர் சத்தியம் செய்கின்றார்களே, அவர்கள் பொய்யரா? அல்லர். பெட்டி பழகவில்லை, காது பழகிற்று. புதிதாகக் குடிபுகுந்த வீட்டில் அண்டை ஆலையின் இரைச்சல் முதல் இரவு உறங்கவிடாது. ஒரு மாதத்தில் அது கேட்பதே இல்லை. மூளை புதுக்குரலுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இயல்புடையது. அதனோடு, கொடுத்த பணமும் கண்முன் நிற்கும் பளபளப்பும் சேர்ந்து தீர்ப்பு எழுதுகின்றன.

இதை நன்கு உணர்ந்த ஒருவர் இங்கிலாந்தின் யோக்சயர்க்காரரான கில்பேட் பிறிக்ஸ். ஆடைத் தொழிலில் இருந்தவர்; 1932 இல் தம் வீட்டு நிலவறையில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கி, வாஃபிடேல் என்னும் கம்பெனியை நிறுவினார். தம் பெட்டியின் புகழைத் தாமே பாடிக்கொண்டிராது, 1954 இல் இலண்டன் றோயல் ஃபெஸ்ரிவல் மண்டபத்தில் மக்களைக் கூட்டி, மேடையில் இசைவாணரை நேரே வாசிக்கச் செய்தும், அவரது ஒலிப்பதிவைப் பெட்டியிற் போட்டும், நீங்களே ஒப்பிட்டுக் கொள்ளுங்கள் என்று விட்டார். ஓசையின் நினைவு நெடுநேரம் நிற்பதன்று. நேற்றுக் கேட்டதையும் இன்று கேட்டதையும் ஒப்பிடுவதற்கே நாம் திணறும்போது, நூறு நாளுக்கு முன்னர் கேட்டதை எவ்வாறு ஒப்பிடுவது?

பிறிக்ஸ் செவிக்கு விட்டார். பிற்காலத்தவர் கண்ணை மறைத்தும் பார்த்தனர். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பல்லாண்டு ஒலிபெருக்கிகளைச் சோதித்தவர் புளொயிட் டூல். அவரும் ஷோன் ஒலிவ் என்பவரும் 1994 இல் வெளியிட்ட சோதனையில், ஒலிபெருக்கிக் கம்பெனியொன்றின் ஊழியர் 40 பேர், பெட்டிகளை ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்தும் ஒருமுறை கண்ணாற் கண்டும் கேட்டுப் புள்ளியிட்டனர். திரையிட்டபோது நல்ல புள்ளி பெற்ற சிறிய மலிவுப் பெட்டி, திரை நீங்கியதும் கீழே விழுந்தது; விலையும் உருவமும் பெரியவை மேலே ஏறின. பெட்டியை அறையில் இடம் மாற்றி வைத்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து வந்த ஒலியில் அவ்வேறுபாட்டை நன்குணர்ந்த அவர்களே, கண்ணாற் கண்டபோது அத்துணை உணரவில்லை. தொழில் தெரிந்தவர் கண்ணுக்கே இக்கதி!

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. துணி இளகுவது குருட்டுத்தனமான செயல். அதனாற் சில பெட்டி நன்றாகலாம், சில கெடலாம். ஆயின் பழக்கியதாற் கெட்டுப்போயிற்று என்று எவரும் எழுதக் காணோம். எப்போதும் நன்மையே விளைகின்றதாம். இத்தகைய நல்லூழ் உலகில் வேறெந்தப் பொருளுக்கும் வாய்த்ததில்லை.

அப்படியானால் ஆசிரியர் ஐயாவின் வீட்டில் நடந்ததென்ன? "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. இங்கே உண்மையாகவே கூடந்தான் கோணல். கடையின் கேட்கும் அறையிற் கம்பளமும் தடித்த திரைச்சீலையும் மெத்தைக் கதிரைகளும் இருந்திருக்கும். நம் வீட்டிலோ சீமெந்துத் தரை அல்லது தட்டோடு, வெறுஞ்சுவர், கண்ணாடி யன்னல். உச்ச ஓசை இவற்றில் மோதித் திரும்பித் திரும்பி வந்து காதைக் குத்துகின்றது. அடித்தொனிக்கு வேறொரு நோய் உண்டு. இரண்டு சுவர்களுக்கிடையே 12 அடி இடைவெளி இருப்பின், செக்கனுக்கு ஏறக்குறைய 48 அதிர்வுள்ள ஓசையும், அதன் இரட்டிப்பான 96 உம் அவ்விடைவெளியில் நிலைகொண்டு ஊதும். பெட்டியை மூலையில் ஒதுக்கிவைத்தால் அவ்வூதல் இன்னும் பெருகும். நம் வீடுகளில் விலையுயர்ந்த பொருளை மூலையிலே பத்திரமாக ஒதுக்கி, அதன்மேற் பின்னல் விரிப்பும் பூச்சாடியும் வைப்பது தாய்மார் வழக்கம். பூச்சாடியை எடுக்கச் சொன்னால் வீட்டிற் கலகம் விளையும் என்பதை நாம் அறிவோம். இருந்தும் எடுக்கத்தான் வேண்டும். அருகிலுள்ள கண்ணாடி அலுமாரியையும் ஒருமுறை கையால் அமுக்கிப் பார்க்க. பெட்டி கரகரக்கின்றது என்று திருப்பி அனுப்பப் புறப்பட்டவர் சிலர், உள்ளிருந்த தேநீர்க் கோப்பைகளே கரகரத்தன என்று பின்னர் கண்டதுண்டு.

செய்யவேண்டியது அதிகமில்லை. பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டு அடியேனும் முன்னே இழுத்து, மூலைகளிலிருந்து விலக்கி வைக்கவேண்டும். இரண்டு பெட்டிகளும் கேட்பவர் கதிரையும் சமபக்க முக்கோணமாக அமைவது நன்று. சிறிய உச்சத்தொனி ஒலிபெருக்கி, அமர்ந்திருப்பவரின் காது மட்டத்தில் நிற்கவேண்டும். தரையிற் பெரிய பாயோ கம்பளமோ, சுவரோரம் புத்தக அலுமாரியோ, யன்னலுக்குத் தடித்த சீலையோ இருந்தால் ஓசை அடங்கும். பின்னர் நன்கு தெரிந்த ஒரு குரலைப் போட்டு, கதிரையை ஓர் அடி முன்னும் ஓர் அடி பின்னும் நகர்த்திக் கேட்டுப் பார்க்க. அவ்வோர் அடியில் விளையும் மாற்றம், இருநூறு மணித்தியாலப் பழக்கத்தில் விளைவதாகச் சொல்லப்படும் மாற்றத்திலும் பெரிதாக இருக்கும், செலவும் இல்லை. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிற் பதிவு எதுவும் கையில் இருந்தால் அதையும் போட்டுப் பார்க்கலாம். இடக்கைக் குச்சியின் அடியும் வலக்கை விரற்கூடுகளின் ஓசையும் வேறுவேறாகப் பிரிந்து கேட்குமிடத்திற் கதிரையை நிறுத்திவிடுக.

இத்தனையும் செய்தபின்னும் பிடிக்கவில்லையாயின், பெட்டி நமக்கு ஏற்றதன்று. இவ்விடத்திலேதான் 200 மணித்தியாலத்தின் உள்நோக்கம் வெளிப்படுகின்றது. நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் கேட்கும் குடும்பத்துக்கு 200 மணித்தியாலம் என்பது 100 நாள். திருப்பித் தரத் தவணை கொடுக்கும் கடைகளில் அது பெரும்பாலும் சில கிழமைகளே. பழகும் பழகும் என்று காத்திருந்து தவணை கடந்தபின் யாரிடம் போவது? எல்லாக் கடைக்காரரும் வஞ்சகர் என்று நாம் சொல்லவில்லை. தாமும் மெய்யென்று நம்பியே சொல்பவர் பலர். எனினும் வாங்குமுன், "பிடிக்காவிட்டால் இத்தனை நாளுக்குள் திருப்பித் தருவேன்" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குதல் வேண்டும். பழகினால் நன்றாகும் என்பாரிடம், பழகிய சோடியொன்றையும் புதுச் சோடியொன்றையும் அருகருகே வைத்துத் திரையிட்டுக் காட்டுமாறு கேட்கலாம். ஆசிரியர் ஐயாவின் தவணை இன்னும் முடியவில்லையாயின், முதலிற் பெட்டிகளை மூலையிலிருந்து இழுத்துவைத்து இரண்டு மூன்று நாள் கேட்கட்டும். அதன்பின் தாமதமின்றி முடிவு செய்யட்டும்.

பழக்கியே தீரவேண்டும் என்ற ஆவல் அடங்காதவர், தாம் விரும்பும் பாட்டை அளவான சத்தத்தில் வழமைபோற் கேட்டுவந்தாற் போதும். ஆளில்லா வீட்டில் இரவு பகலாக அலறவிடுதல் ஆபத்து. பெரும்பாலான வீட்டு ஒலிபெருக்கிகளில், ஊட்டும் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கோ அதிலும் குறைவோதான் ஒலியாகின்றது. எஞ்சியதெல்லாம் சுருளிற் சூடாகின்றது. சத்தம் கூட்டக் கூட்டச் சுருள் காய்ந்து கருகலாம். வலுக்குறைந்த அம்பிளிஃபயரை எல்லைகடந்து முறுக்குவதும் அவ்வாறே உச்சத்தொனிக் குவிமாடத்துக்கு எமனாகும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருப்பின், இரண்டு பெட்டிகளையும் முகத்தோடு முகம் சேர்த்து வைத்து, ஒன்றன் கம்பிகளை மட்டும் மாற்றிப் பூட்டினால், ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுக்கும். ஓசை வெகுவாக அடங்கும். பழக்கமும் ஆயிற்று, படிப்பும் கெடாது. பின்னர் கம்பியைத் திரும்ப மாற்றிப் பூட்ட மறந்தால் அடித்தொனியே இல்லாமற் போகும், கவனம்.

நம் நாட்டில் ஒலிபெருக்கி வைத்திருப்போர் பழக்கத்திலும் பார்க்க அஞ்சவேண்டியது காலநிலைக்கே. கூம்பின் விளிம்பு நுரையாலானதாயின், ஈரக்காற்று அதனைச் சிறிது சிறிதாகச் சிதைத்து, பத்துப் பதினைந்து ஆண்டில் உளுத்த மாவாக்கிவிடும். இறப்பர் விளிம்பு நெடுங்காலம் தாங்கும். 1970களில் பி.பி.சி. நிறுவனம் தன் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்கென வகுத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் ஓர் அடி உயரப் பெட்டிகள், அக்காலத்தில் வாங்கியவை இன்றும் பலர் வீட்டிற் பாடுகின்றன. அவற்றின் விளிம்பு நுரையன்று. கடலோர ஊர்களில் உப்புக்காற்று கம்பி முனைகளைக் கறுக்கச் செய்வதால், ஆண்டுக்கொருமுறை கழற்றித் துடைத்துப் பூட்டுதல் நன்று. பெட்டியின் துளைக்குட் குளவி கூடு கட்டாமலும் பல்லி குடியேறாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். சிறுவர் விரலுக்குக் குவிமாடம் ஒரு பொத்தான்போலத் தோன்றும். முன்சட்டகத்தைக் கழற்றி அழகு பார்ப்பது பிள்ளையில்லா வீட்டுக்கே பொருந்தும். இடி மின்னல் வேளையிற் செருகியைக் கழற்றிவிடுக.

பழைய சோடியொன்றில் நுரை விளிம்பு உதிர்ந்துவிட்டதென்று முழுப் பெட்டியையும் வீசவேண்டியதில்லை. விளிம்பு வளையம் தனியே கிடைக்கின்றது. கைதேர்ந்தவர் ஒட்டித் தருவர். ஒட்டுமுன், இரு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக மெல்ல அமுக்கி, சுருள் காந்த இடுக்கில் எங்கேனும் உரசுகின்றதா என்று காதை அருகில் வைத்துக் கேட்கவேண்டும். உரசினால் நடுவுக்குக் கொண்டுவந்த பின்னரே பசை தடவுமாறு சொல்லுங்கள். பசை காய்ந்தபின் நகர்த்த இயலாது.